சமையல் மேல் விழுந்த பழி

“வீட்டுல என்னம்மா சமைக்கிறீங்க?” என்று ஜெயக்கொடியை டாக்டர் கேட்டபோது, அவள் புருஷன் காசிமாயன் சுவரில் தொங்கிய இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணிலிருந்து அப்போதுதான் பிடுங்கிய கிழங்கு போல இருந்தது அது.

அவன் நெஞ்சுவலி வந்து பிழைத்த பிறகு செய்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு குறையவில்லை, ஏறியிருந்தது.

“எண்ணெ, உப்பு எல்லாம் கொறச்சிட்டேன் சார். கறி வீட்டுப் பக்கமே வாரதில்ல. விடியக்காலம் நடக்கவும் போறாக.”

“அப்புறம் எப்படிம்மா ஏறும்? எண்ணெய அள்ளி ஊத்துறீங்க. இன்னொரு அட்டாக் வந்தா தாங்க மாட்டாரு.”

அவள் தலைகுனிந்தாள். காசிமாயன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் நடந்ததென்னவோ உண்மைதான். நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழக வாசல்வரை நடந்து, மொக்கைச்சாமி கடையில் இட்லிக்குக் குடல் குழம்பு ஊற்றித் தின்று, பீடி இழுத்துவிட்டுத் திரும்புவான். அவனுக்கு உடம்பு தேறும்வரை கறி தொடுவதில்லை என்று ஜெயக்கொடி அழகர்கோவில் கருப்பசாமிக்கு நேர்ந்திருந்தாள். ஒரு வீட்டுக்கு ஒருவர் விரதம் போதும், அவள் வாயைக் கட்டுவதைச் சாமி அவன் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளும் என்று அவன் நிஜமாகவே நம்பியிருந்தான்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தாளிக்கிற எண்ணெதான் போல. இனி அதுவும் வேணாம். என் கையாலயே உங்களக் கொல்லப் பாத்தேனே.”

அவனுக்குக் காதுமடல் எரிந்தது. செருப்பைப் பார்த்தபடி சொன்னான்: “ஏத்தா, உன் சமையல்ல ஒன்னுமில்ல. மொக்கைச்சாமி கடையில குடல் குழம்பு தின்டேன். பீடியும் விடல.”

“என்னைக்கு?”

“தெனமும்.”

“நான் கருவாட்டு வாடைக்கே மூக்கப் பொத்திக்கிட்டுப் போறேன். உங்களுக்குக் குடலா?” அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். “வாங்க, டாக்டர்ட்டச் சொல்லுங்க.”

“அடுத்த தடவ சொல்றேன்...”

“அம்புட்டு நாள் நெஞ்சு தாங்குமா? உள்ளதச் சொல்லாம வாங்குன மருந்து எப்படிக் கேக்கும்?”

ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய ஆட்கள்.

“என்னண்ணே, மருந்துச் சீட்ட விட்டுட்டீங்களா?” என்றாள் நர்ஸ்.

எல்லாத் தலையும் திரும்பியது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

“இல்லத்தா. திருட்டுத்தனமா கறி தின்டேன். அதச் சொல்ல வந்தேன்.” குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெயக்கொடி சிரிக்கவில்லை; அவன் நழுவிவிடாதபடி வாசலை அடைத்து நின்றாள்.