பூரணியின் நீர்மாலை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. அரசாங்கத்தின் செலவுக் குறைப்பை எதிர்த்து மலையகத்து ஹட்டனில் ஒரு பேரணி நடக்கவிருந்தது. அதற்கு முன்னதாக வெளிவரும் தோட்டத் தொழிலாளர் சங்கத்துச் சஞ்சிகைக்கு ஒரு சிறுகதை வேண்டுமென்று அதன் ஆசிரியர் ஜீவராஜ் தொலைபேசியில் பிடித்தார்.

"சேர், தோட்டத்துக்கு வர இருந்த குடிதண்ணித் திட்டத்த வெட்டிட்டாங்க இல்ல? அத வச்சு ஒரு கதை தாங்க. வாசிக்கிறவனுக்குக் கோவம் வரணும்."

"யார் மேல?"

"என்ன சேர் கேள்வி இது. அரசாங்கத்து மேலதான்."

கோபம் என்னிடம் எப்போதும் கைவசம் உண்டு. தனியார் வகுப்பில் தமிழ் படிப்பித்துப் பிழைப்பவனுக்கு வேறென்ன சேமிப்பு இருக்கப்போகிறது? சரி என்றேன். சொன்ன உடனே நினைவுக்கு வந்தது பூரணியின் சாவு. அவள் மகன் லோஜன் என்னிடம் படித்தவன் என்பதால் அந்தச் சாவுக்கு நான் போயிருந்தேன். ஆக, இந்தக் கதையைச் சாவு வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அக்கரப்பத்தனைக்கும் டயகமவுக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கடைசியில் தெரியும்.)

2

முதலில் எழுதிய ஆரம்பம்: "பனி மூடிய பச்சை மலைகளின் நடுவே வெள்ளி நூலாய் ஓடிய அந்த ஆறு—"

இது சுற்றுலாக்காரருக்குக் கொடுக்கிற துண்டுப்பிரசுரம். அதோடு, ஆறு ஓடவில்லை. விட்டுவிட்டேன்.

அடுத்த ஆரம்பம்: "மின்சாரம் இல்லாத நாடு எப்படி இருக்குமென்று நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்." இது கட்டுரை மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மை. எரிபொருள் வரிசையில் நின்ற வருடத்தில் என் மாணவர்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு கம்பனி வந்து, வெளிநாட்டு முதலீடு இருக்கிறது, உங்கள் ஆற்றில் மின்சாரம் எடுக்கிறோம், புகை இல்லை, பெரிய அணை இல்லை, ஊரை மூழ்கடிக்க மாட்டோம் என்றது. நல்ல காரியம். இப்போதும் நல்ல காரியம் என்றே நினைக்கிறேன்.

(இந்த வாக்கியம் பிரதியைப் பார்த்த ஜீவராஜுக்குப் பிடிக்கவில்லை. இதற்கு அடுத்த வாக்கியம் கம்பனிக்குப் பிடிக்காது.)

ஆற்றை மேலே ஒரு சின்ன அணைக்கட்டில் மறித்துக் குழாய்க்குள் விட்டார்கள், குழாய் மலையிறங்கி மின்நிலையத்துக்குப் போனது, நடுவில் இருந்த லயங்களின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பீலி* காய்ந்துபோனது.

* பீலி என்பது ஓடைத் தண்ணீர் வந்து விழுகிற குழாய்வாய். குளிப்பது, துவைப்பது, குடிக்கப் பிடிப்பது, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான்.

பீலிக்குப் பதிலாகத் தண்ணீர்த் தாங்கியும் குழாயும் போட்டுத் தருவதாக ஒப்பந்தம். செலவில் பாதி கம்பனி, பாதி அரசாங்கம். கம்பனி தன் பங்குக்குக் குழாய்களைக் கொண்டுவந்து வீதியோரம் அடுக்கியது. அரசாங்கம் தன் பங்கை வெட்டிவிட்டது. எங்கள் பாதி தயார் என்கிறது கம்பனி. நிதி இல்லை என்கிறது அரசாங்கம். வெட்டிவிட்டார்கள் என்கிறது எதிர்க்கட்சி. பொய் சொல்கிறவனைப் பிடித்துத் திட்டலாம். இவர்கள் மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

3

பூரணியை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகம்.

ஒரு பிரதியில் அவள் கையை உயர்த்திக் கோஷம் போட்டாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது பூரணி இல்லை. உண்மையான பூரணி கொழுந்து பறிக்கிறவள், வாய் ஓயாதவள். கம்பனி ஆள் எடுத்தபோது முதல் ஆளாகப் போய்த் தன் மகனுக்கு வேலை கேட்டவளும் அவள்தான். கிடைத்தது. அணைக்கட்டில் காவலும் மதகுச் சாவியும் லோஜனின் பொறுப்பு.

பீலி காய்ந்த பிறகு, பெண்களைக் கூட்டிக்கொண்டு காலிக் குடங்களோடு அந்த அணைக்கட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தவளும் அவளே. வேலிக்கு உள்ளே மகன், வெளியே தாய். பகல் சாப்பாட்டை வேலி இடுக்கு வழியாக மகனிடம் கொடுப்பாள். "ஆறிப் போறதுக்குள்ள சாப்பிடு" என்பாள். பிறகு திரும்பிவந்து குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பனியைத் திட்டுவாள்.

இதைக் கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று முதலில் விட்டுவிட்டேன். நம்பாவிட்டால் போகட்டும்.

4

[இந்தப் பகுதியை ஜீவராஜ் நீக்கச் சொன்னார். நான் நீக்கவில்லை.]

ஒருநாள் அந்தப் பெண்களைப் பார்க்கச் சங்கத் தலைவர் சோலைமலை வந்தார். அவர் இப்போது எதிர்க்கட்சிக்காரர்.

"இந்த அரசாங்கம் செலவக் கொறைக்கிறோம்னு சொல்லி ஒங்க தண்ணியப் பறிச்சிருச்சு. விடமாட்டோம்."

"ஐயா, தண்ணிய எடுத்தது இந்தா இருக்கே, இந்தக் கொழாயிங்க. இதோட தொறப்பு விழாவுக்கு நீங்கதானே ரிப்பன் வெட்டுனீங்க" என்றாள் பூரணி.

"அது வேறம்மா, இது வேற."

"லைட்டு வேணாம்னு யாருங்க சொன்னா? லைட்டப் போட்டுக்கிட்டுக் காலிக் கொடத்தப் பாக்கவா?"

பெண்கள் சிரித்தார்கள். சோலைமலையும் சிரித்தார். அவரைக் கெட்டவராக எழுத எனக்கு ஆசை. அதுவும் சரியாக வரவில்லை. பிரசவ வலியில் துடித்தவர்களைத் தன் வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மனுஷன். சம்பளப் போராட்டத்தில் உள்ளே போய் வந்தவர். ரிப்பன் வெட்டியதும் அவர், இப்போது தொண்டை கிழியக் கத்துவதும் அவர். இரண்டையும் மனதாரத்தான் செய்கிறார்.

ஜீவராஜ் இதை நீக்கச் சொன்ன காரணம் வேறு. சஞ்சிகையின் பின்னட்டையில் கம்பனியின் விளம்பரம் வருகிறது: பசுமை மின்சாரம், மலையகத்தின் பெருமை. செலவுக் குறைப்பை எதிர்ப்பவர்களுக்கும் அச்சுச் செலவு இருக்கிறதல்லவா.

5

பூரணி மாசி மாதத்தில் செத்துப்போனாள். மேலே ஊற்றிலிருந்து தண்ணீர்க் கேனைத் தூக்கிவரும்போது விழுந்தாள் என்று எழுதினால் கதைக்கு நல்லது. அப்படி நடக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மாரடைப்பு.

மறுநாள் அடக்கம். எடுப்பதற்கு முன் நீர்மாலை. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: செத்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரை வீட்டிலிருந்து எடுக்கக்கூடாது. பிள்ளையும் பங்காளிகளும் தப்பு மேளம் முழங்க நீர்த்துறைக்குப் போய், குடத்தில் மொண்டு, நான்கு பேர் தலைக்கு மேல் பிடித்த வெள்ளை வேட்டியின் கீழ் கொண்டுவரவேண்டும்.

போனோம். தப்பு முன்னால், அதன் பின்னால் குடத்தோடு லோஜன், வேட்டியைப் பிடித்த நால்வர், கடைசியில் நானும் மற்றவர்களும். தேயிலைக்கு நடுவே இறங்கி, படிக்கட்டைத் தாண்டி, போய் நின்ற இடம் பீலி.

காய்ந்த பீலி.

அங்கே தண்ணீர் இல்லை என்பது எங்களில் தெரியாதவர் ஒருவருமில்லை. ஒரு வருடமாக ஊற்றிலிருந்து கேனில் சுமந்து குடிக்கிறவர்கள். ஆனால் சாவு என்றதும் கால் தானாக அங்கே போய்விட்டது. முன்னால் நடந்தவன் லோஜன். மதகைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறவனே எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனான்.

தப்பு நின்றது. குழாய்வாயில் ஒரு பொலித்தீன் பை சிக்கியிருந்தது. லோஜன் அதை எடுத்துப் போட்டான், எடுத்தால் தண்ணீர் வந்துவிடும் என்பதைப் போல.  எனக்கு அழுகை வந்தது. பூரணிக்காக இல்லை, எங்கள் எல்லோருக்காகவும்.

பூரணியின் தம்பி செல்லசாமிதான் வாயைத் திறந்தார்.

"மாப்ள, சாவி ஒங்கிட்டதானே இருக்கு?"

"இருக்குங்க மாமா."

"மதகக் கொஞ்சம் தெறந்து விட்டா இங்க வருமா?"

"வரும். ஆனா மிசின் நின்னுரும். இந்த வெயில் காய்ச்சலுக்கு வர்ற தண்ணி அதுக்கே பத்தல. தெறந்தவன் நாளைக்கு வேலைக்கு வரவேணாம்னு மெனேஜர் சொல்லியிருக்காரு."

"எல அடைச்சு மிசின் நின்னுருச்சுன்னு சொல்லு."

"ஒருக்கா நம்புவாங்க மாமா."

"ஒங்கம்மாவுக்குடா."

பின்னாலிருந்து யாரோ, "ஊத்துத் தண்ணியக் கேன்ல கொண்டாந்து கொடத்துல ஊத்துவோம்" என்றார்.

"கேன்லயா நீர்மாலை?" என்றார் செல்லசாமி.

லோஜன் குடத்தைப் பிடித்தபடி நின்றான். வீட்டில் அவன் மனைவி சுலக்ஷனா நிறைமாதம். அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருகிற ஒரே சம்பளம் அவனுடையது.

(இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த மதகு ஆற்றின் பங்கை ஆற்றுக்கு விடுவதற்காகவே கட்டியது. கம்பனிக்கு அனுமதி அந்த நிபந்தனையோடுதான் கிடைத்தது. அதைப் பூட்டியே வைக்கச் சொன்னது மெனேஜரின் வாய்வார்த்தை. லோஜன் பூட்டியது அந்த வாய்வார்த்தைக்காக.)

6

முடிவு ஒன்று: லோஜன் திறக்கிறான். காய்ந்த கல்லில் தண்ணீர் சலசலத்து வருகிறது, பெண்கள் ஓடிவருகிறார்கள், அதே நேரம் ஹட்டனில் பேசிக்கொண்டிருந்த சோலைமலையின் ஒலிவாங்கி செத்துப்போகிறது— இல்லை. ஒரு சின்ன மின்நிலையம் நின்றால் ஹட்டனில் ஒன்றும் நிற்காது. தவிர, அன்றைக்குப் பேரணியும் இல்லை. கை அரிப்பில் எழுதியது.

முடிவு இரண்டு: லோஜன் திறக்கவில்லை. கேன் வருகிறது. குடத்தில் ஊற்றுகிறார்கள். தலைக்கு மேல் வேட்டி, முன்னால் தப்பு, எல்லாம் முறைப்படி. கேன் மட்டும் புதருக்குள் மறைத்து வைக்கப்படுகிறது.

முடிவு மூன்று, ஜீவராஜ் சொன்னது: லோஜன் சாவியை வீசி எறிந்துவிட்டு ஹட்டன் பேரணிக்குப் புறப்படுகிறான். சாவியை எறிந்தால் பூட்டு எப்படித் திறக்கும் என்று கேட்டேன். "கதைதானே சேர்" என்றார்.

நடந்ததை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். நான்தான் அங்கே நின்றேனே. எழுதியும் வைத்திருந்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

7

அப்போதுதான் லோஜன் என்னைத் தேடி வகுப்புக்கு வந்தான். தங்கள் கதையைச் சஞ்சிகையில் போடப்போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தான், படித்த காலத்தில் உட்கார்ந்த அதே இடம்.

"சேர், முடிவு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"எடுத்துருங்க."

"பேரெல்லாம் மாத்தித்தான் எழுதியிருக்கேன்டா."

"பேர மாத்தினா கம்பனிக்குத் தெரியாதா சேர்? லயத்துல நடந்தது லயத்துக்குத் தெரியும். அதோட போகட்டும். தெறந்தேன்னு எழுதினீங்கன்னா வேலை போயிரும். தெறக்கலைன்னு எழுதினீங்கன்னா," சொல்லிவிட்டு வாங்கின் விளிம்பை நகத்தால் கீறினான். "பொறந்தது பொம்பளப் புள்ள சேர். அம்மா பேர்தான் வச்சிருக்கோம். ஒருநாளைக்கு வாசிக்கும்."

நான் மேசையிலிருந்த பிரதியைக் கவிழ்த்து வைத்தேன். 

"ரெண்டு மாதிரியும் எழுதாதீங்க. டியூட்டிக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஜீவராஜுக்கும் கதையை அச்சுக்குக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் சோலைமலையின் வாழ்த்துச் செய்தியைப் போட்டுக்கொண்டார்கள். பேரணிக்கு நல்ல கூட்டம். குடிதண்ணீர்க் குழாய்கள் இன்னும் வீதியோரத்தில்தான் கிடக்கின்றன.

8

ஆகவே என்னிடம் முடிவு இல்லை.

கோபம் வரும்படி எழுதச் சொன்னார்கள். எனக்கு வந்தது. ஆனால் கோபப்பட வேண்டிய எல்லோரும் எங்கோ தூரத்தில், ஆளுக்கொரு நியாயத்தோடு இருந்தார்கள். பீலியடியில் மாட்டிக்கொண்டவன் தாயைப் பறிகொடுத்த லோஜன் மட்டும்தான்.

பூரணியைக் குளிப்பாட்டித்தான் எடுத்தார்கள். அதை எழுதலாம், அதனால் யாருக்கும் வேலை போகாது. ஆனால் இந்தக் காகிதத்தில் அவர்கள் இன்னும் காய்ந்த பீலிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். வேட்டியைப் பிடித்த நால்வருக்கும் கை வலிக்கிறது. லோஜனின் கையில் குடம், இடுப்பில் சாவி. வீட்டு வாசலில் அவன் அம்மா காத்துக்கொண்டு கிடக்கிறாள்.

வாசிக்கிற நீங்களே குடத்தை நிரப்பி அனுப்புங்கள். எந்தத் தண்ணீர் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.