நெவிராவின் சாய்ந்த எழுத்து

“ஓய், ஒமக்க பிள்ளைக்க பேரு என்ன சொன்னீரு?” என்று வக்கீல் சுயம்புலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்தார். நெவிரா என்றான் ஜெயசிங். கருங்கல் சந்தை ரோட்டில் அவன் நடத்தும் கம்ப்யூட்டர் கடையின் பெயரும் அதுதான். வளைகுடாவில் அவனுக்குச் சோறு போட்டது நெவிரா என்ற கம்ப்யூட்டர் கம்பெனி. ஊருக்குத் திரும்பியதும் அதன் பொருளை இங்கே விற்ற சென்னைக்காரன் ஒருவனிடம் உரிமம் வாங்கி அந்தப் பெயரில் கடை திறந்தான். மறுவருஷம் பிறந்த மகளுக்கும் அதையே வைத்தான். ஜெனின், டெல்வின் என்று பிள்ளைகள் ஓடி விளையாடுகிற ஊரில் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. ஞானஸ்நானத்தின்போது பங்குச் சாமியார் மட்டும், இது எந்தப் புனிதை என்று கேட்டுவிட்டு, முன்னால் ஒரு மரியாவைச் சேர்த்துத் தண்ணீர் ஊற்றினார்.

எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. பிறகு வெளிநாட்டில் நெவிரா கம்பெனியும் திவாலானது. பெயரை மட்டும் தனியாக விலைக்கு வாங்கிய டெல்லிக்காரன், அதை எவனும் தொடக்கூடாது என்று வழக்குப் போட்டான். உரிமம் தந்த சென்னைக்காரன் போன இடம் தெரியவில்லை. பெயர் போனால் கடை போகும், கடை போனால் ஜெயசிங்குக்கு வேறு தொழில் தெரியாது.

“பிள்ளைக்குன்னு நெனச்சு வச்ச பேரத்தான் கடைக்குப் போட்டேன்னு சொல்லும். பெத்த தாயும் ஒரு வார்த்தை சொல்லட்டும். மனுசன்தானே, ஜட்ஜி எரங்குவாரு,” என்றார் வக்கீல்.

வீட்டில் மனைவி ஓமனா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வக்கீல் சொன்னதை ஜெயசிங் அவளிடம் சொன்னான்.

“கடைக்க பேரத்தான் பிள்ளைக்கு வச்சிய. நான் ஒண்ணும் சொல்லல்ல. இப்போ செத்தவள சாட்சிக்கு இழுக்கியளா?”

அவள் வரமாட்டாள் என்று தெரிந்ததும், அவளுக்குச் சொல்லாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மகளின் கல்லறையை செல்போனில் படம் எடுத்து வக்கீலிடம் கொடுத்தான் ஜெயசிங். செய்வது கேவலம் என்று அவனுக்கே தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் போனது வேறொன்று. அடக்கத்தன்று கல்கொத்துகிறவனிடம் அவன் மாதிரிக்குக் கொடுத்தது கம்பெனியின் விளம்பரத் தாளை. சாய்ந்த ஆங்கில எழுத்து, கடைசி எழுத்தின் தலையில் ஒரு பிறை. அதைவிட அழகான எழுத்தை அவன் பார்த்ததில்லை. டெல்லிக்காரனின் வக்கீல் அந்தப் படத்தையே தூக்கிப் பிடித்து, மகள் கல்லறையிலும் எங்கள் கட்சிக்காரரின் சின்னம்தான் இருக்கிறது, எதைப் பார்த்து எதை வைத்தார் என்று கேட்டார். தீர்ப்பு டெல்லிக்காரன் பக்கம் போயிற்று. அந்த வாரமே கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்தது. படம் கோர்ட்டுக்குப் போன கதை சந்தையில் பேச்சாகி ஓமனா காதுக்கும் வந்திருந்தது. அவள் சண்டை போடவில்லை. வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, சுற்றுச் சுவரை முடித்துவிட்டு, நேராகப் பெயரின்மேல் வைத்தாள்.

“ஓமனா, அதுல அடிக்காத. பேரு மறஞ்சு போவும்.”

“இது கம்பெனிக்க எழுத்துல்லா. கோர்ட்டே சொல்லியாச்சே,” என்றாள். “எனக்க பிள்ளைக்க பேரு எனக்குத் தெரியும்.”

ஈரச் சுண்ணாம்புக்கு அடியில் கறுப்பு எழுத்துகள் இன்னும் தெரிந்தன. மழை விட்ட வெயிலில் ஓரத்திலிருந்து காய்ந்து வெளுத்துக்கொண்டே வந்தது. ஜெயசிங் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்திருந்தான். முதலில் பிறை போயிற்று. ஓமனா மறுபூச்சுக்கு வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.