உப்புக் கோணி

அலுமினியத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிர் அப்போது எனக்கு இருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி, பெங்களூர் ரோட்டோரம் ஒரு லாரி ஷெட்டில் தினக்கூலியாக இருந்தேன். மேனேஜர் சபாபதி துறைமுக ஏலத்தில் ஒரு டிரெய்லரை எடுத்து வந்தார். முழுக்க அலுமினியப் பெட்டி. கடல் காற்றில் வருஷக்கணக்காக நின்று, தகடெல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. தொட்டால் விபூதி மாதிரி கையில் ஒட்டியது.

"சுப்பராயா, ஆயுத பூஜை முடிஞ்சி மூணாம் நாள் மருந்து கம்பெனிக்காரங்க பாக்க வராங்க. வண்டி பளபளன்னு இருந்தா கான்ட்ராக்ட் நம்முது. நீ பர்மனென்ட்" என்றார். ஆறு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அங்கே விழுந்து கிடந்தேன்.

கூட வேலைக்கு ரத்னா வந்தாள். பக்கத்து ஊர். புருஷன் கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் அப்பாவுக்கு அந்தச் சம்பளத்தில்தான் கஞ்சி. இரண்டு பேரும் சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் விட்டு விட்டு எமரித் தாளால் தேய்த்தோம். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைஸ் தாள். கடைசியில் துணியில் பாலிஷைத் தொட்டு ஒரே வாக்கில் இழுத்தோம். இருபத்தைந்து நாள். அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

"அண்ணா, இத்தப் பாத்து தல வாரிக்கலாம் போல கீது" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆயுத பூஜையன்று காலையில் பாலிஷ் முடிந்தது. அன்றைக்கே மெழுகு பூசி மூடியிருக்க வேண்டும். வெறும் தகட்டை அப்படியே விடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பூஜை நாளில் எவன் மெழுகு பூசுவான், நாளன்னிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ரத்னா மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வண்டிக்கு ஆரத்தி சுற்றி, முன்பக்கத் தகட்டில் மூன்று பொட்டு வைத்தாள். பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைப் போட்டால் மெருகு கீறிப்போகுமே என்று, கையில் கிடைத்த கோணிகளை வண்டி மேலும் பக்கவாட்டிலும் போர்த்தி, அதன்மேல் தார்ப்பாயைக் கட்டினேன். உப்பு மூட்டை ஏற்றிய கோணிகள். நனைந்திருந்தன. வாசனை மூக்கில் ஏறத்தான் செய்தது. அவசரத்தில் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தார்ப்பாயை அவிழ்த்துக் கோணிகளை எடுத்தேன். கோணி படிந்த இடமெல்லாம், கூரையிலிருந்து சக்கரம் வரைக்கும், சாம்பல் திட்டுகள், வெள்ளைப் புள்ளிகள். பின்னாலேயே சபாபதி சார் வந்து நின்றார்.

"இன்னாடா இது? யார் பண்ண வேல?"

முன்பக்கம் அந்த மூன்று பொட்டும் தகட்டை அரித்துக் கறுத்திருந்தன. என் கண் அதில்தான் போய் நின்றது.

"ரத்னா சுண்ணாம்பு வெச்சா சார். அலுமினியத்துக்கு சுண்ணாம்பு ஆவாது."

இரண்டும் உண்மை. அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு.

"மூணு பொட்டுதான் வெச்சேன், சார்" என்றாள், அதற்குள் வேலைக்கு வந்து நின்ற ரத்னா. பிறகு என்னைப் பார்த்தாள். நாலு எழுத்துப் படித்தவன், தொழில் தெரிந்தவன், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் வாதாடவில்லை. மதியத்துக்குள் அவளை அனுப்பிவிட்டார்கள்.

மருந்து கம்பெனிக்காரர்களிடம் இரண்டு வாரம் தவணை கேட்டு வாங்கினார் சார். வேறு ஆள் வைத்து மறுபடி தேய்த்தேன். இந்த முறை பாலிஷ் போட்ட கையோடு மெழுகு பூசினேன். வண்டி பாஸானது. எனக்கும் பர்மனென்ட் ஆர்டர் வந்தது.

தை மாதம் வாலாஜாபாத் பஸ்ஸுக்காக நின்றபோது யாரோ "அண்ணா" என்று கூப்பிட்டார்கள். ரத்னா. கல் குவாரியில் ஜல்லி சுமக்கிறாளாம். கறுத்து, பாதியாக இளைத்திருந்தாள். அப்பா கார்த்திகையில் போய்விட்டாராம்.

"வண்டி கம்பெனியா பாத்து வேல கேக்கறதுதானம்மா?" என்றேன்.

"வேணாம்ணா. அவ்ளோ பெரிய வண்டிய என் கை கெடுத்துச்சே. எங்கப்பா சாவற வரிக்கும் அத்தயே சொல்லிக்கினு இருந்தேன். உங்க வேலைக்கே ஒல வெக்கப் பாத்தேன். நீங்க எவ்ளோ பாடுபட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? மன்சுல வெச்சிக்காதீங்கண்ணா. என்னை மன்னிச்சிடுங்க."

கை கூப்பினாள். நடு ரோட்டில், அத்தனை பேர் பார்க்க.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். பஸ் வர இன்னும் நேரமும் இருந்தது.

"பரவால்ல விடும்மா, நான் அத்த மறந்தே பூட்டேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.