முயல் பேச்சு நின்ற நேரம்

காலனிச் சட்டமன்றம் கலைக்கப்பட்டது என்ற கவர்னரின் பிரகடனத்தை, ஹோபர்ட் நகரச் சட்டமன்றப் படிக்கட்டில் நின்று சபைச் செயலாளர் டல்லக் சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு வாசித்து முடித்தார். கேட்டவர்கள் நான்கு பேர். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். காகிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைக்கும்போது, தலைக்கு மேலிருந்த ஜன்னல் வழியாக உறுப்பினர் குவில்லிகனின் குரல் கேட்டது. கர்மம், இன்னும் ஓயவில்லை.

குவில்லிகன் நேற்று மாலை முயல் ஒழிப்பு மசோதாவைப் பற்றிப் பேச எழுந்தவர். ஓட்டெடுப்பு நடக்காமல் இழுத்தடிக்கத் தொடங்கிய பேச்சு.

டல்லக் உள்ளே போனார். பன்னிரண்டு மணி அடித்ததும் சபாநாயகர் எழுந்து போயிருந்தார். மற்ற உறுப்பினர்களும் அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க ஓடிவிட்டார்கள். சுருக்கெழுத்தர் பாஸ்கோ மட்டும் விரல் வீங்க எழுதிக்கொண்டிருந்தார்.

“ஐயா, சபை கலைஞ்சாச்சு.”

“யோவ் டல்லக், உறுப்பினர் பேசுறப்ப குறுக்க பேசுறியே! இங்க வாயத் திறக்க உனக்கு ஏது உரிமை?”

முப்பத்தொரு வருஷம் அந்த மேசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, எத்தனை மடத்தனத்தைக் காதில் வாங்கியிருக்கிறார்! அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

“யாரு உறுப்பினர்? நீங்களா? பன்னெண்டு மணியோட நீங்களும் நானும் தெருவுல போற ஆளுங்கதான். முயலு முயலுன்னு விடிய விடிய உயிர வாங்கினீங்களே, கேக்க ஒரு முயலாவது வந்துச்சா?”

பாஸ்கோவின் பேனா நின்றது. குவில்லிகன் காலி இருக்கைகளைச் சுற்றிப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

“வெளிய போனா என் பேச்ச எவன்யா கேப்பான்? இந்தத் தடவ ஊர்ல தோக்கடிச்சிருவாங்க.”

டல்லக்குக்கு இரக்கம் வந்தது. அதுவும் எரிச்சலோடுதான் வந்தது.

“உங்கள எதிர்த்து நிக்கிற வக்கீல் லவெட், பெட்டியோட உங்க ஊருக்குப் போற ஒரு மணி ரயிலுக்குக் கிளம்பிட்டாரு. நீங்க இங்க உக்காந்து புலம்புங்க.”

“லவெட்டா! அத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“நீங்க எங்க சொல்ல விட்டீங்க?”

குவில்லிகன் பெஞ்சில் இடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“எது வரைக்கும் பதிவுல சேக்கட்டும் ஐயா?” என்றார் பாஸ்கோ.

“பன்னெண்டு வரைக்கும்.”

“‘ஆகவே முயல்கள்’னு பாதியில நிக்குதே.”

“நிக்கட்டும்.”

பெஞ்சில் குவில்லிகனின் தொப்பி கிடந்தது. வெளியே மழை வலுத்திருந்தது. “இந்த மனுசனோட...” என்று முனகியபடி டல்லக் அதை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, ரயில் நிலையத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.