கூட்டேரிப்பட்டில் பத்து நிமிடம்

1

இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதையல்ல. என் கல்யாணத்துக்கு நானே ஒரு மணி நேரம் தாமதமாகப் போன கதை. காரணம் என் மச்சினன் இருதயராஜ். வயது இருபத்திரண்டு. ராணுவப் போக்குவரத்துப் பிரிவில் லாரி டிரைவர். 1986 மே மாதம், அக்கா கல்யாணத்துக்கென்று லீவில் வந்திருந்தான். மூன்று மாதம் கழித்து, வடக்கே ஒரு மலைப்பாதையில் மண் சரிந்து, அவன் ஓட்டிய லாரி

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். முடித்தே தீரவேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'தாய்நாட்டின் வீரத் திருமகன்...' அடித்துவிட்டேன். நினைவு நாள் கூட்டங்களில் இப்படித்தான் பேசுகிறார்கள். அந்த ஆளை எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தவன், விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றும் லாரியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மாதா கோயிலுக்குக் கிளம்பியவன். ராணுவ வண்டிகள் வரிசையாகப் போகும் வேகத்திலேயே ஓட்டினான். மாட்டு வண்டிகூட எங்களை முந்தியது. (பொய். முந்தியது மொபெட்தான்.) கூட்டேரிப்பட்டில் ஓரங்கட்டினான்.

"ஒரு மணி நேரம் ஓட்டுனா பத்து நிமிசம் நிக்கணும். ரூலு. எல்லாரும் எறங்குங்க."

"மச்சான், எனக்குக் கல்யாணம்யா!"

"அதுக்குத்தான் மாமா, பத்திரமா இட்டுக்கினு போறேன்."

டயர்களைத் தட்டிப் பார்த்தான். பட்டுச்சேலைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினான். பருத்த உடம்புக்காரியான என் பெரியம்மா லூர்துமேரி, "என்ன ஒரு ஆளா எண்ணுவியா, ரெண்டு ஆளாவா ராசா?" என்றாள்.

3

கோயில் வாசலில் மணப்பெண் ஜெயம் கல்யாணப் புடவையோடு நின்றாள்.

"பேஜாரு புடிச்சவனே, இனிமே என் மூஞ்சியில முழிக்காத!"

அவன் சல்யூட் அடித்தான். "முப்பத்தாறு பேரு. ஒருத்தர்கூட கொறையலக்கா."

சிரித்தான். நானும் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான்கே நாளில் லீவு முடிந்து ரயிலேறினான். புகுந்த வீட்டிலிருந்த ஜெயத்தால் வழியனுப்பப் போக முடியவில்லை. அவள் தம்பியிடம் பேசிய கடைசிப் பேச்சு, கோயில் வாசலில் திட்டிய அந்தத் திட்டுதான்.

4

இதுவரை எழுதியதை ஜெயத்திடம் படித்துக் காட்டினேன். கூட்டேரிப்பட்டு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோயில் வாசல் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் திட்டுனத எடுத்துடுங்க. அக்கா சிரிச்சான்னு போடுங்க."

போட்டேன்: 'ஜெயம் சிரித்தாள்.'

கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அது நான் இல்ல. சிரிச்சுக்கினு நின்னிருந்தா அவனே பயந்துருப்பான், அக்காவுக்கு என்னாமோ ஆயிடுச்சின்னு."

"அப்ப திட்டு இருக்கட்டுமா?"

"எனக்குத் தெரியலங்க." கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. "படிக்கிறவங்கள கேளுங்க. தம்பியத் திட்டாத அக்கா யாராச்சும் இருந்தா, அவங்க எடுத்துடச் சொல்லட்டும்."

உங்களைக் கேட்டுவிட்டேன். அவள் திட்டிய அந்த ஒரு வரியை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.