ஸ்ரீரங்கத்துக் கை

மணவாளன் தனியாக விளையாடவில்லை என்ற எண்ணம் எனக்கு ஜூலை மாதத்தில் வந்தது.

அவரை நான் பார்த்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய தந்தி அலுவலகத்தில் அவர் இருந்தார். புத்தூரில் இன்னொன்றில் நான். நடுவில் காவிரியும் ஒரு கம்பியும். மதியம் இரண்டு மணிக்கு மேல் தந்திகள் குறைந்துவிடும். அப்போது அரைமணி நேரம் ஆடுபுலி ஆடுவோம். கட்டத்தின் இருபத்து மூன்று புள்ளிகளுக்கும் எண் கொடுத்திருந்தோம். ஆளுக்கொரு தாளில் கட்டம். அவர் அங்கே தந்திக் கீயைத் தட்டினால் என் மேசையில் இருக்கும் சவுண்டர் டக் டக்கென்று எண்களைச் சொல்லும். நான் அவருடைய ஆட்டை என் தாளில் நகர்த்துவேன். புலிகள் மூன்றும் எனக்கு, ஆடுகள் பதினைந்தும் அவருக்கு.

தந்தி அடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. கையெழுத்து மாதிரிதான். மணவாளனின் கை சுத்தமானது, கொஞ்சம் கர்வமானது. தந்திக் குறிகளில் கடைசிப் புள்ளியைச் சற்று அழுத்தி வைப்பார். அந்த அழுத்தத்தில் எனக்கு ஆத்திரம் வரும். கோயிலில் பூசை முடிந்து நண்பர்களோடு நிற்கும்போது யாரிடமும் உரக்கப் பேசாதவன் நான். இரண்டு மணிக்கு மட்டும் எதிராளி அழிய வேண்டும் என்று தோன்றும். முகம் தெரியாதவரைத் தோற்கடிக்கும்போது இரக்கம் குறுக்கே வருவதில்லை. வீட்டில் ஜெபமாலை சொல்லும்போதுகூட எண்கள் நாக்கில் ஏறிவிடும்.

ஈஸ்டர் வரை பாதி ஆட்டம் நான் ஜெயித்தேன். பிறகு தோல்வி, தினமும் தோல்வி. முன்பெல்லாம் என் நகர்த்தலுக்கு உடனே பதில் வரும். இப்போது நீண்ட மௌனம் வந்தது. மௌனம் எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் அது என்னுடையதாக இருக்க வேண்டும். கம்பியின் மறுமுனையில் இருக்கும் மௌனத்தில் யாரோ குனிந்து யோசனை சொல்வது போலவே இருந்தது. ஒருநாள் ஒரு எண்ணை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். பிறகு வேறு எண் வந்தது. மணிக்கட்டை யாரோ பிடித்தது போல.

நான் தோற்றேனா, தோற்கடிக்கப்பட்டேனா? அது தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. என் ஆட்டம் மோசம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்து என்னைக் கேலிப்பொருள் ஆக்கியிருந்தால் முடியாது.

ஒரு வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். என்னோடு வேலை பார்த்த கிளமென்டை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ரெண்டு மணிக்குக் கூப்பிடுவார், நேத்து பாதியில நின்ன ஆட்டம். எதையாவது நகர்த்து. யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லு, விக்டர்னு."

"புலி எது ஆடு எதுன்னாவது சொல்லிட்டுப் போங்கண்ணே."

"கூழாங்கல்லு புலி. புளியங்கொட்டை ஆடு."

"நீங்க எங்க போறீங்க?"

"பார்த்துட்டு வரேன்."

"ஒரு புளியங்கொட்டைக்கு ஸ்ரீரங்கம் வரைக்குமா? சரி, போயிட்டு வாங்க."

சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி, பாலம் தாண்டி இறங்கினேன். அலுவலகம் ஒரே அறை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒல்லியான ஒருவர், நெற்றியில் திருமண், சட்டைப்பையில் இரண்டு பேனா. எதிரே கட்டம் வரைந்த தாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் ஒரு முக்காலி இருந்தது, காலியாக. உட்புறக் கதவு பாதி சாத்தியிருந்தது. நான் தந்திப் படிவம் ஒன்றை எடுத்து எழுதுவது போல நின்றேன்.

மணி இரண்டு. அவர் கீயைத் தட்டினார். நேரில் கேட்டபோது அந்தக் கை இன்னும் அழகாக இருந்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

பதில் வந்தது. கிளமென்டின் கை, தடுக்கித் தடுக்கி நடக்கிற கை. மணவாளன் நிமிர்ந்தார். யார் என்று கேட்டார். விக்டர் என்றது சவுண்டர். அவர் முகம் இறுகியது. இருந்தும் ஒரு ஆட்டை நகர்த்தினார். கிளமென்ட் ஒரு புலியைக் கொண்டுபோய் மூலையில் வைத்தான். சிறுபிள்ளைகூட அப்படி வைக்காது.

மணவாளன் என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. என் விரல் கவுண்டர் பலகையில் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பதிலிருந்து பதினைந்து.

"அதுதான் சரி," என்றார். "ஒன்பதுலேர்ந்து பதினஞ்சுக்கு வந்திருந்தா நான் மாட்டிண்டிருப்பேன். வாங்கோ விக்டர்."

படிவத்தை மடித்தேன்.

"அங்கே உம்ம நாற்காலியில யார்?"

"கிளமென்ட். கூட வேலை பாக்கறவர்."

"இத்தனை நாளும் அவரை வெச்சுண்டுதான் ஆடினீரா?"

"இல்லைங்க. இன்னைக்கு மட்டும்தான்."

"நான் எப்படி நம்பறது?"

நான் கேட்க வந்த கேள்வி அது. முக்காலியைக் காட்டினேன். "இதுல யாருங்க உக்காருவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "பியூன். தந்தி கொடுக்கப் போயிருக்கான். அவனுக்கு ஆடும் தெரியாது, புலியும் தெரியாது."

"முன்னெல்லாம் டக்குனு பதில் வருங்க. இப்ப ரொம்ப நேரம் ஆகுது."

"முன்னே நான் யோசிக்கவே மாட்டேன். உம்மகிட்ட தோத்துத் தோத்து யோசிக்க ஆரம்பிச்சேன். அது குத்தமா ஓய்?"

இல்லை என்றேன். உள்கதவு காற்றில் அசைந்தது. காற்றுதானா என்று பார்க்கத் தோன்றியது. அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். தாளைத் திருப்பி எனக்கு நேராக வைத்தார்.

"உம்ம முறை. இங்கேயே ஆடும்."

எதிரே ஒரு மனிதர் இருந்தார். காலர் நைந்திருந்தது, கண்களில் தூக்கமில்லாத சிவப்பு. அழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு கல்லை நகர்த்தினேன், அவர் ஒரு புளியங்கொட்டையை நகர்த்தினார். மூன்று முறைக்கு மேல் தொடர முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவரை அழைத்தேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. கிளமென்டைக் கொடும் என்றார். அவன் மோசமாக ஆடினாலும் அவன்தான் ஆடுகிறான் என்று தெரிகிறதாம். கடைசிப் புள்ளியில் அதே அழுத்தம்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஆடுகிறார்கள். நான் பக்கத்து மேசையில் ரசீதுகளை அடுக்கிக்கொண்டு கேட்பேன். ஸ்ரீரங்கத்துக் கை இப்போது விளையாட்டாக, வேகமாக வருகிறது. மௌனம் குறைந்துவிட்டது. எனக்கு எதிராக மட்டும் ஏன் அவ்வளவு மௌனம் என்று நினைத்துக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை கிளமென்டின் இரண்டு புலிகள் மாட்டிக்கொண்டன. மூன்றாவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவன் தலையைச் சொறிந்தான். மறுமுனை காத்திருந்தது.

"அண்ணே," என்று குரலைத் தாழ்த்தினான். "எதை நகர்த்தலாம்?"

ரசீதுகளைக் கீழே வைத்தேன். பிறகு அவன் பக்கம் குனிந்து, எண்ணைச் சொன்னேன்.