மேட்டில் நின்றுபோன வண்டி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கார் பழகப் போன இடத்தில், மேட்டில் வண்டியைத் திரும்பத் திரும்ப அணைத்துவிட்டு நான் அசடு வழிந்துகொண்டிருந்தபோது, கற்றுக்கொடுக்கும் அக்கா ஆறுதலாகச் சொன்னது:

"விடுங்க சார். உங்களைவிட மோசமா ஒருத்தர் இருந்தார். அவரே மலை ஏறிட்டார்."

"யாரு அவர்?" என்றேன். மீதிப் பாடம் அன்று நடக்கவில்லை.

2

'மேகங்களைப் போர்த்திக்கொண்டு மௌனமாக நின்றது அந்த மலை, தன் மடியில்...'

வேண்டாம். மலையை நினைத்தாலே அவருக்குக் குமட்டும். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி, மலைமேல் இருக்கிற நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்குவதும் அங்கேயேதான். மாதம் ஒருமுறை அவள்தான் பஸ்ஸில் இறங்கி வருவாள். ஒரே ஒரு தடவை அவர் மேலே போகப் புறப்பட்டு, பாதி வளைவுகூடத் தாண்டாமல் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, வயிற்றிலிருந்ததை எல்லாம் ரோட்டோரம் ஒப்படைத்துவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டார்.

அவள் வந்து துவைத்து மடித்து வைத்துவிட்டுப் போகிற சட்டைகளை அவர் உடனே உடுத்த மாட்டார். அடுக்கு கலைந்துவிடுமே என்று, கிடக்கிற பழசையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார். (இதை அக்கா சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. ஆனாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.)

3

ஒருநாள் அவள் போனில் கேட்டாள்:

"என்னை இங்கேயே நிரந்தரமா இருக்கச் சொல்றாங்க. ரெண்டு மாசத்துல பதில் சொல்லணுமாம். என்ன சொல்லட்டும்?"

"உன் இஷ்டம்."



"சரிங்க. சாப்பிட்டீங்களா?"

(இங்கே 'உன் இஷ்டம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். கல்யாணமானவர்களுக்கு அது தேவைப்படாது.)

அவர் சொல்ல நினைத்தது 'வந்துடு'. தொண்டைவரை வந்தது, வாய்க்கு வரவில்லை. நேரில் போனால்தான் வரும் என்று பட்டது. எப்படிப் போவது? கண்ணாடி மாற்ற வந்த அக்காவிடம் புலம்பினார்.

"நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க. ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் குமட்டாது."

மறுநாளே பழக வந்து நின்றார்.

4

அக்காவின் பாடத்தை அப்படியே தருகிறேன், உங்களுக்கும் உதவும்:

"வளைவு வர்றதுக்கு முன்னாடியே கியரைக் குறைங்க. மேட்டுல வண்டி நின்னா பதறாதீங்க. ஹேண்ட்பிரேக்கை இழுங்க, ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. கிளட்சை மெல்ல விட்டுக்கிட்டே ஆக்சிலேட்டரைக் கொடுங்க. வண்டி முன்னாடி இழுக்கிறது தெரிஞ்ச பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை இறக்கணும். முந்தினீங்கன்னா பின்னாடி இருக்கிறவன் மேலதான் போய் மோதுவீங்க."

ஒரு காலையில் கடையைப் பூட்டிவிட்டு, பழைய சின்னக் கார் ஒன்றில் கிளம்பினார். குமட்டவே இல்லை. முன்பு பஸ்ஸை நிறுத்திய இடத்தைத் தாண்டியபோது தனியாகச் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்கு முந்தின கடைசி வளைவு, இருப்பதிலேயே செங்குத்து. மேலிருந்து வந்த பஸ் ஒன்று, ஏறுகிறவருக்கு வழிவிடாமல் இறங்கியது. அவர் நிறுத்த, வண்டி அணைந்தது. பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னாலோ ஒரு பால் வேன்.

முதல் பிரதியில் வேன்காரர் "பயப்படாதீங்கண்ணா" என்று தெய்வம் மாதிரி வந்தார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. நடந்தது இதுதான்: கடைக்காரர் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்து வண்டியை நிறுத்தினார். வேன்காரர் குதித்து வந்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, திட்டத் தொடங்கினார்.

"உனக்கெல்லாம் எதுக்குய்யா மலை? அப்படி யாரைப் பார்க்கப் போற?"

"பொண்டாட்டியைங்க."

வசவு பாதியில் நின்றது.

"சரி, சரி. நிதானமா எடு. நான் வண்டியைக் கிட்ட கொண்டுவரல."

எடுத்தார். அணைந்தது. மறுபடி எடுத்தார். கார் மெல்ல நடுங்கி மூக்கைத் தூக்கியது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். ஏறியது. கண்ணாடியில், வேன்காரர் கல்லை ரோட்டோரம் உதைத்துத் தள்ளுவது தெரிந்தது.

5

அவள் முகமூடியை இறக்கியபடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு ஓட்டிட்டு வந்தா?"

"நான்தான்."

அவர் நெற்றி வேர்வையைக் கையால் வழித்துவிட்டாள். "டூட்டி முடியட்டும். உட்காருங்க."

வராந்தா பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குகிற ஒருவரின் முதுகைத் தாங்கி, அந்த நோயாளி சொன்ன ஏதோ ஒன்றுக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. கொண்டுவந்த சொல் வாய்க்குள் கனத்தது.

6

அவர் 'வந்துடு' என்று சொல்வதாகவும், அவள் பெட்டியோடு இறங்கி வருவதாகவும் எழுதிப் பார்த்தேன். அவளுக்காக வருத்தமாக இருந்தது. 'நீ இரு, நான் வாரா வாரம் வர்றேன்' என்று அவர் சொல்வதாக எழுதினேன். அவருக்காக வருத்தமாக இருந்தது.

அக்காவிடமே கேட்டேன். "அதை நான் கேட்கலை சார். ரோட்டைப் பாருங்க."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். டூட்டி முடிந்து அவள் காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "மேலே இன்னும் ரோடு இருக்கு. இத்தனை வருஷத்துல நான் போனதில்லை. போலாமா?"

அவர் ஃபர்ஸ்ட் கியர் போட்டார்.

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். பின் சீட் காலியாக இருக்கிறது, நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். சீக்கிரமே அவர் தொண்டையைச் செருமுவார். என்ன சொல்கிறார் என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் மேடு முடிகிறவரை அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.